துவைத்துப் பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்

கேள்வி: கொரட்டூரில் ஏ.சி. சர்வீஸ் நிறுவனம் நடத்துகிறோம். வெளி வேலைக்குப் போகிறவர்கள் 34 பேர், ஆபீசில் பெண்கள் 4 பேர். போன வருஷம் ஆயுத பூஜைக்கு எல்லோருக்கும் நேவி ப்ளூ காலர் டி-ஷர்ட் எடுத்து, நெஞ்சில் எங்கள் லோகோவை எம்ப்ராய்டரி போட்டுக் கொடுத்தோம். லோகோ என்றால் ஒரு பனிப்பூ, பக்கத்தில் கம்பெனி பெயர், கீழே போன் நம்பர். மூன்று துவையலில் லோகோவைச் சுற்றித் துணி சுருங்கி அலை அலையாகிவிட்டது. வெள்ளை நூலில் நீலம் ஏறிவிட்டது. போன் நம்பரைப் படிக்கவே முடியவில்லை. உள்ளே குத்துகிறது என்று பையன்கள் போட மறுக்கிறார்கள். இந்த வருஷம் மூன்று இடத்தில் விலை கேட்டேன். ஒருவர் 290 ரூபாய், ஒருவர் 410, ஒருவர் 560 சொல்கிறார். மூன்று பேருமே "ஃபர்ஸ்ட் குவாலிட்டி மேடம்" என்கிறார்கள். எதை வைத்து முடிவு செய்வது? பையன்கள் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆடுகிறார்கள். அந்த டீமுக்கும் இதே மாதிரி போட்டுவிடலாமா? பழைய 38 சட்டைகளை என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் சட்டையை நான் பார்க்கவில்லை. ஆனால் நான்கு குறைகளையும் படித்ததும் அந்த ஆர்டர் எப்படிப் போயிருக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. சட்டையை ஓர் இடத்தில் ரெடிமேடாக எடுத்திருப்பீர்கள். லோகோ படத்தை வாட்ஸ்அப்பில் இன்னொருவருக்கு அனுப்பியிருப்பீர்கள். பூஜைக்கு நாலு நாள் முன்னால் மூட்டை வந்திருக்கும், பிரித்துப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்திருக்கும். துணி விற்றவருக்கு அதன் மேல் என்ன தையல் ஏறப்போகிறது என்று தெரியாது. தையல் போட்டவருக்கு அந்தத் துணி தண்ணீரில் என்ன ஆகும் என்று தெரியாது. அம்பத்தூர் பக்கம் இருபது வருஷமாக எம்ப்ராய்டரி மெஷின் ஓட்டுகிறேன். என்னிடம் வருகிற புகார்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்தவைதான்.

முதலில் சுருக்கம். அதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். நெஞ்சில் வைக்கிற 9 சென்டிமீட்டர் அகல லோகோவுக்குச் சாதாரணமாக 6,000 முதல் 9,000 தையல் விழும். அத்தனை முறை ஊசி உள்ளே போய் வந்து, நூலை இழுத்து இறுக்குகிறது. அந்த இடம் அட்டை மாதிரி ஆகிவிடும், இனி அது சுருங்காது. சுற்றியிருக்கிற துணி பருத்திப் பின்னல். முன்கூட்டியே சுருக்கம் எடுக்காத துணியாக இருந்தால் முதல் இரண்டு மூன்று துவையலில் 5 சதவீதம் சுருங்குவது சர்வசாதாரணம். 9 சென்டிமீட்டருக்கு 5 சதவீதம் என்றால் நாலரை மில்லிமீட்டர். லோகோ 9 சென்டிமீட்டராகவே நிற்க, சுற்றியுள்ள துணி எட்டரைக்கு வந்துவிட்டது. மிச்சம் எங்கே போகும்? அலையாகத்தான் எழும்பும். நீங்கள் பார்த்தது இதுதான்.

இதில் எம்ப்ராய்டரிக்காரருக்கும் பங்கு உண்டு. தையலுக்கு அடியில், அதைத் தாங்க ஒரு பேக்கிங் (backing) பேப்பர் வைப்போம். கையால் கிழித்து எடுக்கிற ரகம் ஒன்று, கத்தரியால் வெட்டி எடுக்கிற ரகம் ஒன்று. சட்டைத் துணி, காடாத் துணி போன்ற நெய்த துணிக்குக் கிழிக்கிற பேப்பர் போதும், நெசவே தையலைத் தாங்கிக்கொள்ளும். டி-ஷர்ட் பின்னல் துணி, ரப்பர் மாதிரி இழுபடும். அதற்கு வெட்டுகிற ரகம்தான் வைக்க வேண்டும். அது துணியோடு கடைசிவரை தங்கி, தையலைப் பிடித்துக்கொள்ளும். விலை கொஞ்சம் அதிகம், வெட்டுவதற்கு ஆள் வேண்டும். அவசரத்தில் எல்லாரும் கிழிக்கிற பேப்பரையே போட்டுவிடுவார்கள். யாரையோ குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். தொழில் ஆரம்பித்த இரண்டாவது வருஷம் ஒரு மருந்துக் கடைக்காரருக்கு 120 டி-ஷர்ட்டை நானே இப்படி ஓட்டிக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து அவர் ஒரு சட்டையை மட்டும் பையில் போட்டுக் கொண்டுவந்து, ஒரு வார்த்தை பேசாமல் மேஜைமேல் விரித்து வைத்தார். அந்த 120-ஐயும் என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு பின்னல் துணிக்குக் கிழிக்கிற பேப்பர் என் கடையில் நுழைந்ததில்லை.

சட்டையை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். லோகோவுக்குப் பின்னால் பேப்பர் ஓரங்களில் பிய்ந்து பிசிறாக இருந்தால் கிழித்த ரகம். ஓரம் கத்தரியால் சீராக வெட்டப்பட்டிருந்தால் வெட்டுகிற ரகம். இன்னொன்றும் அங்கேயே தெரியும். வெள்ளை அல்லாத நூலில் பட்டையாகத் தையல் விழுந்திருக்கிற இடங்களின் பின்புறம், நடுவில் மூன்றில் ஒரு பங்கு அகலத்துக்கு வெள்ளை பாபின் நூல், அதாவது அடியிலிருந்து வருகிற நூல், தெரிய வேண்டும், இரண்டு பக்கமும் மேல்நூலின் நிறம் தெரிய வேண்டும். பாபின் நூலே தெரியவில்லை என்றால் மேல்நூல் தளர்ச்சி. முழுக்க வெள்ளையாக இருந்தால் மேல்நூல் இறுக்கம், அது துணியையும் சேர்த்து இழுத்திருக்கும். எம்ப்ராய்டரியை முன்பக்கம் பார்த்து வாங்குவது பழத்தின் தோலைப் பார்த்து வாங்குகிற மாதிரிதான்.

குத்துகிறது என்பதற்கும் அந்த உள்பக்கம்தான் காரணம். பிய்ந்த பேப்பர் முனை, வெட்டாமல் விட்ட நூல் முடிச்சு, இரண்டும் வியர்த்த உடம்பில் உரசினால் சும்மா இருக்குமா? வெட்டுகிற பேப்பரை வட்டமாக, கூர்மூலை இல்லாமல் வெட்டி, அதன் மேல் மெல்லிய மிருதுவான ஃபியூசிங் துணி ஒன்றை இஸ்திரி போட்டு ஒட்டச் சொல்லுங்கள். குழந்தைகள் உடுப்புக்குச் செய்வதுதான். சட்டைக்குச் சில ரூபாய் கூடும். நாள் முழுக்க மொட்டைமாடியில் அவுட்டோர் யூனிட் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது வீண் செலவு ஆகாது.

வெள்ளை நூலில் நீலம் ஏறியதற்கு நூல்மேல் பழி போட முடியாது. கருநீலம், கறுப்பு, மெரூன் மாதிரி அடர்ந்த நிறங்களில் சாயம் போட்ட பிறகு, ஒட்டாத சாயத்தைச் சோப்புத் தண்ணீரில் பலமுறை அலசி எடுக்க வேண்டும். அந்த அலசலில் தண்ணீரும் நேரமும் மிச்சம் பிடித்தால் மிச்சச் சாயம் துணியிலேயே உட்கார்ந்திருக்கும். முதல் துவையலில் வெளியே வந்து, பக்கத்தில் எது வெளுப்பாக இருக்கிறதோ அதில் ஏறும். இதற்குப் பரிசோதனை எந்த ஆய்வகத்திலும் வேண்டாம். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து, துணிமேல் பத்துப் பதினைந்து தடவை அழுத்தித் தேய்க்கவும். கைக்குட்டையில் லேசான நிழல் தெரிந்தால் அடர் நிறத்துக்கு அது சகஜம். விரல் ரேகை பதிகிற அளவுக்கு நீலம் ஏறினால் அந்தத் துணியைத் தொடாதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

நூலைப் பற்றி ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: ரேயானா, பாலியஸ்டரா? ரேயான் நூல் பட்டு மாதிரி மின்னும், பார்க்க அழகு. ஆனால் பிளீச்சுக்கும் வெயிலுக்கும் சீக்கிரம் வெளுக்கும். யூனிஃபாரம் என்றால் பாலியஸ்டர் நூல்தான். கலர் கார்டைக் கையில் வாங்கி, உங்கள் லோகோவின் நீலத்தோடு ஒப்பிட்டு நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். செல்போன் திரையில் பார்த்த நீலமும் நூலின் நீலமும் ஒன்றாக இருக்காது.

இப்போது போன் நம்பர். இதை நான் போட மாட்டேன், நீங்களும் போடாதீர்கள். எம்ப்ராய்டரியில் சாதாரண நூலில் 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த எழுத்து தெளிவாக விழாது. மெல்லிய நூலும் மெல்லிய ஊசியும் போட்டுக் கொஞ்சம் இறங்கலாம், ஆனால் காலர் டி-ஷர்ட்டுக்கு எடுக்கிற மேட்டி என்ற குழிக்குழியான பின்னல் துணியில் அது புதைந்துவிடும். பத்து இலக்கத்தையும் லோகோவுக்குக் கீழே பொடியாக அடக்கினால் 8 எது, 6 எது, 0 எது என்று போட்டவருக்கே தெரியாது. எப்படியும் சட்டையைப் பார்த்து யார் போன் செய்யப் போகிறார்கள்? நம்பர் வேண்டும் என்றால் முதுகில் பெரிதாக ஸ்கிரீன் பிரிண்ட் போடுங்கள். டூவீலரில் போகும்போது பின்னால் சிக்னலில் நிற்பவர் படிப்பார்.

பெயரைத் தமிழிலும் போட எண்ணம் இருந்தால் சொல்லிவிடுகிறேன், இதை அதிகம் பேர் யோசிப்பதில்லை. ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு 5 மில்லிமீட்டர் போதும் என்றால், தமிழுக்குக் குறைந்தது 8 மில்லிமீட்டராவது வேண்டும் என்பது என் கணக்கு. ண, ழ, ணை மாதிரி எழுத்துகளில் சுழிக்குள் இருக்கிற காலி இடம் சின்ன அளவில் நூலால் அடைபட்டுவிடும். அதைவிட மோசம் புள்ளி. ஒரு மில்லிமீட்டர் புள்ளி மெஷினுக்கு ஒரு முடிச்சு, துணியில் அமுங்கி மறைந்துவிடும். 'கண்ணன்' என்று போட்ட சட்டை இரண்டு துவையல் கழித்து 'கணணன' என்று படிக்கிற நிலைக்கு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். சாம்பிளில் முதலில் புள்ளிகளை எண்ணுங்கள்.

உங்கள் பனிப்பூவும் இதே சிக்கல்தான். திரையில் அழகாகத் தெரிகிற அந்த ஆறு கைகளிலும், கிளை விட்டுக் கிளை விடுகிற முடிபோன்ற கோடுகளிலும் ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்தவை தையலுக்கு ஆகாது. படத்தைத் தையலாக மாற்றுகிற வேலைக்கு எங்கள் தொழிலில் பஞ்சிங் என்று பெயர். தையல் எந்தப் பக்கம் ஓட வேண்டும், எவ்வளவு நெருக்கம், அடியில் பிடிமானத் தையல் எங்கே, துணி இழுபடும் என்று எவ்வளவு கூடுதலாகப் போட வேண்டும் என்று ஒரு மனிதர் உட்கார்ந்து முடிவு செய்கிற வேலை அது. சாஃப்ட்வேரில் படத்தைப் போட்டு ஒரு பட்டனை அமுக்கினாலும் ஃபைல் வரும். அந்த ஃபைலில் வட்டம் முட்டையாக விழும், நிறமும் ஓரக் கோடும் ஒட்டாமல் நடுவில் துணி எட்டிப் பார்க்கும். நல்ல பஞ்சிங்காரர் உங்கள் பனிப்பூவைப் பார்த்ததும் "அம்மா, இந்தச் சின்னக் கிளைகளை எடுத்துவிடலாமா" என்று கேட்பார். கேட்டால் சந்தோஷப்படுங்கள், தொழில் தெரிந்தவரிடம் வந்திருக்கிறீர்கள்.

பஞ்சிங்குக்குத் தனியாக, ஒருமுறை மட்டும் பணம் கொடுங்கள். "ஃப்ரீயா பண்ணித் தரோம்" என்பதை ஏற்காதீர்கள், அப்போது ஃபைல் அவருடையதாகிவிடும், அடுத்த வருஷம் வேறு இடம் போனால் திரும்ப முதலிலிருந்து. பணம் கொடுத்தால் ஃபைலை உங்கள் மெயிலுக்கு அனுப்பச் சொல்லலாம். பெரும்பாலும் டி.எஸ்.டி. என்ற வகையில் தருவார்கள், ஏறக்குறைய எல்லா மெஷினும் அதைப் படிக்கும். ஆனால் அந்த ஃபைலுக்குள் நிறம் கிடையாது, 'இங்கே நூலை மாற்று' என்ற கட்டளை மட்டும்தான். அதனால் எந்த இடத்துக்கு எந்த நூல் நம்பர் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தொப்பிக்கும் சட்டைக்கும் ஒரே ஃபைலைப் பெரிதாக்கிச் சின்னதாக்கி ஓட்டவும் கூடாது. பத்து சதவீதம் வரை தாங்கும். அதற்கு மேல் தையல் நெருங்கிக் கல்லாகும், அல்லது விலகிப் பல்லிளிக்கும்.

அடுத்து துணி. நானாக இருந்தால் உங்கள் பையன்களுக்கு பருத்தி அதிகமாகக் கலந்த மேட்டி காலர் டி-ஷர்ட், 220 ஜி.எஸ்.எம். (துணியின் கனம், கீழே சொல்கிறேன்) அளவில் எடுப்பேன். பருத்தி 60, பாலியஸ்டர் 40 மாதிரி. முழுப் பருத்தி வியர்வைக்கு இதம், ஆனால் தினம் துவைத்தால் சீக்கிரம் தளர்ந்து நிறம் இறங்கும், நம் ஊர் உப்புத் தண்ணீரில் இன்னும் சீக்கிரம். முழுப் பாலியஸ்டர் இஸ்திரி கேட்காது, சாயம் நிற்கும், மலிவும்கூட. உங்களுக்குச் சொல்லப்பட்ட 290 அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். சேல்ஸ் ஆட்களுக்கு அது போதும். உங்கள் ஆட்களோ தாமிரக் குழாயை கேஸ் டார்ச் வைத்து பிரேசிங் (பற்றவைப்பு) செய்கிறவர்கள். பாலியஸ்டர் மேல் பொறி விழுந்தால் எரிந்து சாம்பலாகாமல் உருகித் தோலில் ஒட்டும். அதனால் அந்த வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் முழுப் பருத்தி எடுங்கள், நிறம் ஒன்றாக இருந்தால் போதும். டி-ஷர்ட் எதுவுமே பாதுகாப்பு உடை ஆகிவிடாது, கையுறையும் கண்ணாடியும் தனி.

துணியில் என்ன கலந்திருக்கிறது என்று தெரிய, தையலோரத்திலிருந்து நாலு நூலை உருவித் தட்டில் வைத்துக் கொளுத்துங்கள். காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. சுருண்டு கருமணி மாதிரி உருண்டால் பாலியஸ்டர். இரண்டும் கலந்து வந்தால் கலப்பு.

ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை. சொல்லுகிறவர் சொல்லுவார், நாம் நிறுத்துப் பார்க்கலாம். துணிக்காரரிடம் துண்டு கேட்டு வாங்கி, சரியாக 10-க்கு 10 சென்டிமீட்டர் வெட்டி, தெரிந்த நகைக்கடைத் தராசில் வையுங்கள். 2.2 கிராம் காட்டினால் 220. 1.8 காட்டினால் 180. விலையில் இருக்கிற வித்தியாசத்தில் பெரும்பங்கு இந்த அரை கிராமுக்குள் ஒளிந்திருக்கும். 180-க்குக் கீழே உள்ள மெல்லிய பனியன் துணியில் எம்ப்ராய்டரியே வேண்டாம். அதற்குப் பிரிண்ட்தான் சரி.

விலைக்கு வருவோம். 290, 410, 560 என்ற எண்களை மட்டும் வைத்து எனக்கு ஒன்றும் சொல்ல முடியாது, யாராலும் முடியாது. மூன்று பேரிடமும் இந்த நாலை எழுதிக் கேளுங்கள்: துணி எத்தனை ஜி.எஸ்.எம்., என்ன கலப்பு, லோகோ எத்தனை தையல், விலையில் ஜி.எஸ்.டி. சேர்ந்ததா. 2,500 ரூபாய் வரையிலான உடைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 சதவீதம், அதற்கு மேல் யாராவது போட்டால் ஏன் என்று கேளுங்கள். தையல் கணக்கு முக்கியம், ஏனென்றால் எங்கள் கூலியே ஆயிரம் தையலுக்கு இவ்வளவு என்றுதான். 8,000 தையல் போட வேண்டிய லோகோவை 5,000-த்தில் முடித்தால் மெஷின் நேரம் மிச்சம், தையல் வழியாகத் துணி தெரியும். அதற்காக அதிகத் தையல் என்றால் நல்லது என்றும் ஆகிவிடாது. அளவு மீறினால் லோகோ தகடாகிவிடும்.

38 சட்டைக்குப் பெரிய கம்பெனியைத் தேடிப் போக வேண்டியதும் இல்லை. நிமிஷத்துக்கு 750 தையல் வேகத்தில் 8,000 தையலுக்குப் பதினோரு நிமிஷம் ஆகும். ஒரே நேரத்தில் ஆறு சட்டைக்குத் தையல் போடுகிற ஆறு ஹெட் மெஷின் ஒன்று வைத்திருப்பவர் ஏழு தடவை ஃபிரேம் மாட்டினால் உங்கள் ஆர்டர் அரை நாளில் முடிந்துவிடும். பெரிய இடத்தில் உங்கள் 38, ஆயிரக்கணக்கான உருப்படிகளுக்கு நடுவே யாரோ ஒரு புது ஆளின் கைக்குப் போகும். துணியைத் திருப்பூரிலிருந்து வரவழைத்தாலும், கோடவுன் தெருவில் எடுத்தாலும், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் எடுத்தாலும், தையலைப் பக்கத்திலேயே, நீங்கள் நடந்து போய்ப் பார்க்கிற தூரத்தில் கொடுங்கள். ஒன்று மட்டும்: துணி எடுப்பதற்கு முன்னால் எம்ப்ராய்டரிக்காரரிடம் அந்தத் துண்டைக் காட்டுங்கள். முடிந்தால் இரண்டுக்கும் ஒருவரையே பொறுப்பாக்குங்கள். விலை கொஞ்சம் கூடினாலும், குறை வந்தால் "அது துணிக்காரர் தப்பு" என்று சொல்ல ஆள் இருக்காது.

இதையெல்லாம் ஞாபகம் வைக்க முடியாவிட்டால் பரவாயில்லை, இந்த ஒன்றை மட்டும் செய்யுங்கள். காசு கொடுத்து ஒரு சாம்பிள் சட்டை வாங்குங்கள், அதே துணி, அதே நிறம், அதே லோகோ. வேறு துணியில் லோகோ போட்டுக் காட்டுவது சாம்பிள் ஆகாது. சட்டையின் முதுகில் பால்பாயின்ட் பேனாவால் 25 சென்டிமீட்டர் சதுரம் ஒன்று வரைந்து, உங்கள் வீட்டு மெஷினில், உங்கள் வீட்டுத் தண்ணீரில், ஒரு வெள்ளைத் துணியோடு சேர்த்து ஐந்து முறை துவைத்துக் காயப்போடுங்கள். சதுரம் ஒன்றேகால் சென்டிமீட்டருக்கு மேல் குறைந்தால் துணி சரியில்லை. வெள்ளைத் துணி நீலமானால் சாயம் சரியில்லை. இரண்டும் நன்றாக இருந்து லோகோ மட்டும் நெளிந்தால் பேப்பரோ பஞ்சிங்கோ சரியில்லை, அதைத் திருத்தச் சொல்லலாம். லோகோவைச் சுற்றிச் சின்னச் சின்ன ஓட்டை தெரிந்தால் பின்னலுக்கு உரிய உருண்டை முனை ஊசியைப் போடவில்லை, கூர் ஊசி இழையை அறுத்திருக்கிறது. துவைத்து முடித்ததை, உங்களிடம் அதிகம் வியர்க்கிற, அதிகம் குறை சொல்கிற பையன் ஒருவனிடம் கொடுத்து இரண்டு நாள் போட்டுவரச் சொல்லுங்கள். அவன் ஓகே சொன்னால் முன்பணம் கொடுங்கள். சாம்பிள் தர முடியாது என்பவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

இதற்குப் பத்துப் பதினைந்து நாள் பிடிக்கும். அதனால் ஆயுத பூஜைக்கு என்றால் ஆவணி பிறக்கும்போதே தொடங்கிவிடுங்கள். புரட்டாசியில் எங்கள் எல்லார் கடையிலும் இரவு இரண்டு மணி வரை மெஷின் ஓடும், அப்போது போடுகிற வேலையைப் பற்றி நானே உத்தரவாதம் தர மாட்டேன். 38-க்குப் பதில் 42 எடுங்கள், புதிதாகச் சேருகிறவருக்கு வேண்டும். ஆறு மாதம் கழித்து அதே நீலம் கேட்டால் வேறு சாயத் தொட்டியின் நீலம்தான் வரும். சட்டையில் ஆள் பெயரை எம்ப்ராய்டரி போடாதீர்கள், வேலையை விட்டுப் போனால் சட்டையும் போச்சு. காந்தப் பின் வைத்த பெயர்ப் பலகை போதும்.

ஆபீசில் இருக்கிற நாலு பெண்களுக்கு ஆண்கள் சட்டையின் சின்ன சைஸைக் கொடுத்து ஒப்பேற்ற வேண்டாம். பெண்கள் கட்டிங்கில் எடுத்து, லோகோவைப் பத்து சதவீதத்துக்குள் சிறிதாக்கி, கொஞ்சம் மேலே ஏற்றி வைக்கச் சொல்லுங்கள். ஆண்களுக்குத் தோள்பட்டைத் தையலிலிருந்து இறங்கி, மேலிருந்து இரண்டாவது பட்டனுக்குச் சற்றுக் கீழே லோகோவின் நடு வந்தால் சரியாக இருக்கும். எஸ் சைஸுக்கும் டபுள் எக்ஸ்எல்லுக்கும் ஒரே இடத்தில் குறி வைத்தால் ஒருவருக்கு அக்குளில் இருக்கும், இன்னொருவருக்குப் பட்டன் பட்டையை ஒட்டி நிற்கும். அளவெடுக்க எஸ் முதல் கடைசி வரை ஒவ்வொன்று கொண்டுவந்து எல்லோரும் போட்டுப் பார்க்கட்டும். "நான் எல் சார்" என்று வாயால் சொல்லுகிற சைஸ் பாதி நேரம் தப்பு.

இஸ்திரி வண்டிக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். கரிப் பெட்டியின் சூடு எவ்வளவு என்று அவருக்கே தெரியாது. லோகோ மேல் நேராக வைத்தால் பாலியஸ்டர் நூல் பளபளத்து நசுங்கிவிடும். சட்டையை உள்பக்கம் திருப்பித்தான் தேய்க்க வேண்டும்.

கிரிக்கெட் டீமுக்கு எம்ப்ராய்டரி வேண்டாம். ஜெர்ஸித் துணி மெல்லிய பாலியஸ்டர், காற்று போகிற மாதிரி பின்னியது. அதன் நெஞ்சில் அட்டை மாதிரி லோகோ ஏறினால் ஓடும்போது தொங்கும், உள்ளே வியர்வையில் ஒட்டும். முதுகில் பெயர், நம்பர், நெஞ்சில் லோகோ எல்லாவற்றையும் சப்ளிமேஷன் பிரிண்டில் போடுங்கள். சாயம் சூட்டில் ஆவியாகி நூலுக்குள்ளேயே இறங்கிவிடும், கையில் தடவினால் பிரிண்ட் இருப்பதே தெரியாது, உரியவும் உரியாது. வெள்ளைப் பாலியஸ்டரில்தான் அது ஏறும், பருத்தியில் ஏறாது. வெள்ளைத் துணியில் முழு டிசைனையும் அடித்துவிட்டுத்தான் வெட்டித் தைப்பார்கள், அதனால் எத்தனை கலர் போட்டாலும் விலை ஏறாது. பெரியமேட்டில் விளையாட்டுச் சாமான் கடைகளில் கேட்டால் செய்துகொடுக்கிறவர்களைக் காட்டுவார்கள். ஆசைக்கு எம்ப்ராய்டரி வேண்டும் என்றால் தொப்பியில் போடுங்கள். முன்பக்கம் கெட்டியாக இருக்கிற தொப்பியில், உயரம் 5 சென்டிமீட்டரைத் தாண்டாமல், பனிப்பூ மட்டும். மிக அழகாக வரும்.

பழைய 38 சட்டைகள். உள்பக்கம் பேப்பர் பிசிறையும் நூல் முடிச்சையும் சின்னக் கத்தரியால் சுத்தமாக வெட்டி, சூட்டில் ஒட்டுகிற மெல்லிய ஃபியூசிங் துணியை ஒரு துண்டு வைத்துத் தேய்த்தால் குத்துவது நின்றுவிடும். அலையும் நீலமும் போகாது. மழை நாள் வேலைக்கு, கேஸ் நிரப்பும் வேலைக்குப் போட்டுத் தேய்க்கட்டும். அதற்கும் ஆகாதவற்றை பழைய துணிக்காரரிடம் போடுவதற்கு முன்னால் லோகோவை வட்டமாக வெட்டி எடுத்துவிடுங்கள். உங்கள் பெயர் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு "ஏ.சி. சர்வீஸ்" என்று யார் வேண்டுமானாலும் ஒரு வீட்டுக் கதவைத் தட்டலாம். 38-ஐயும் எண்ணி வாங்குங்கள், வேலையை விட்டுப் போனவர்களிடம் இருப்பதையும் சேர்த்து.